நத்தை பார்த்த தண்ணீர்

ஹனோய்
3 மார்ச் 2009

தங்கை மியெனுக்கு,

நலமா என்று கேட்கவில்லை. முப்பத்தாறு வருடமாகக் கேட்காதவன் இன்று கேட்டால் உனக்குச் சிரிப்புத்தான் வரும். ஒரு காரியமாக எழுதுகிறேன். உன் முகவரியை நம் ஸ்டூடியோவின் பழைய காமிராக்காரர் வீட்டில் வாங்கினேன்.

என் “சந்தைக்குப் போன நத்தை”யைத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் கம்ப்யூட்டரில் ஏற்றிச் சுத்தம் செய்திருக்கிறார்கள். நான் இயக்கிய ஒன்பது கார்ட்டூன் படங்களில் உருப்படியாக மிஞ்சியது இது ஒன்றுதான். பிரான்சில் ஒரு விழாவுக்கு இதைக் கேட்கிறார்கள், கூடவே என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். மாஸ்கோ போய்ப் படித்துவிட்டு வந்தவர்களுக்கெல்லாம் பட்டம், பதக்கம் எல்லாம் கிடைத்தது. ஊர் ஊராக ஜெனரேட்டர் தூக்கிக்கொண்டு திரைகட்டிப் படம் காட்டியவன் நான். அறுந்து விழுந்த பிலிம் துண்டுகளை வெயிலில் பிடித்துப் பார்த்து, ஒரு மனிதன் ஒரு அடி எடுத்து வைக்க எத்தனை படம் வரைய வேண்டும் என்று தானாகக் கற்றவன். எனக்கு எழுபத்துமூன்றாம் வயதில் முதல் அழைப்பு வருகிறது. விமானத்தில் ஏறியதில்லை. அது இருக்கட்டும்.

ஆறாவது நிமிடத்தில் நத்தை குளக்கரையில் நின்று இரண்டு வினாடி தண்ணீரைப் பார்க்கும். நினைவிருக்கும். சுத்தம் செய்த பிரதியில் அந்தத் தண்ணீருக்குள் ஒரு உருவம் தெரிகிறது. மங்கலாக, வெள்ளைத் தழும்பு மாதிரி. ஒரு பெண். என் படத்தில் மனிதர்களே கிடையாது. நான் வரையவில்லை.

கண்ணாடி போன்ற செல்லுலாய்ட் தாள்களைக் கழுவுவதும் வண்ணம் பூசுவதும் ஸ்டூடியோவில் உன் அறையில்தான் நடந்தது. அது என்னவென்று உனக்குத் தெரியுமா? காப்பகத்தில் அதை அழுக்கு என்கிறார்கள். அழித்துவிடச் சம்மதம் என்று ஏப்ரல் 30க்குள் நான் கையெழுத்துப் போட வேண்டும். அழிக்காவிட்டால் குறையுள்ள பிரதி என்று விழாவுக்கு அனுப்ப மாட்டார்களாம்.

பதில் போடு.

துவான்

*

ஸா டெக்
14 மார்ச் 2009

துவான் அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. “என் நத்தை”, “என் படம்” என்று எழுதும் பழக்கம் இன்னும் போகவில்லை என்று தெரிந்துகொண்டேன்.

கேட்டதற்குப் பதில். அந்த வருடம் சோப்பு இல்லை. சோடாவும் சாம்பலும் போட்டுக் கழுவினோம். கடையில் மை கிடைக்காமல் நாமே காய்ச்சிய மை, தாளைக் கொஞ்சம் தின்றுவிடும். ஒரு படம் முடிந்ததும் தாளைக் கழுவி அடுத்த படத்துக்கு வரைந்தால் பழைய கோடு தழும்பாக நிற்கும். இது உங்களுக்கும் தெரியும். ஏதோ பழைய படத்தின் மிச்சமாக இருக்கும்.

அழித்துவிடச் சொல்லுங்கள். பிரான்சு போய்விட்டு வாருங்கள். குளிர் அதிகம் இருக்கும், கம்பளிச் சட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் பூச்செடி வளர்க்கிறேன். முழங்கால் தண்ணீர் நிற்கும் தோட்டத்தில் நின்று, மேலே கட்டிய பரணில் இருக்கும் தொட்டிகளுக்கு உரம் வைக்கும் வேலை. அதிகம் எழுத நேரமில்லை.

மியென்

*

ஹனோய்
21 மார்ச் 2009

மியெனுக்கு,

பழைய படத்தின் மிச்சம் என்றாய். அதற்கு முன் நாம் எடுத்த நான்கு படங்களின் கதைப் பலகை என்னிடம் இருக்கிறது. ஒரு எருமை, ஒரு தவளைக் கூட்டம், பீரங்கிக்காரப் பையன்கள், ஒரு மேகம். பெண் எங்கே இருக்கிறாள்?

இன்னொன்று. அந்த உருவம் அசைகிறது.

காப்பகத்தில் ஜியெப் என்று ஒரு பெண் வேலை பார்க்கிறாள், கெட்டிக்காரி. அந்த இரண்டு வினாடியை ஒவ்வொரு படமாக அச்செடுத்துக் கொடுத்தாள். ஒரு தாளுக்கு இரண்டு பிரேம் எடுத்தோம், ஆக இருபத்துநான்கு தாள். நத்தை அசையாமல் நிற்பதால் அதற்கு ஒரே தாள்தான். மேலே போட்ட அலைத் தாள்கள்தான் மாறிக்கொண்டே இருக்கும். தழும்பு அந்த அலைத் தாள்களில் இருக்கிறது. மெல்லிய காகிதம் வைத்து இருபத்துநான்கையும் நகல் எடுத்தேன்.

வரிசையில் வைத்துப் புரட்டினால் அவள் வலிப்பு வந்தவள் போலத் துள்ளுகிறாள். காரணம் பிடிபட அரைநாள் ஆனது. கழுவிய தாள்களை அடுக்கிலிருந்து கைக்கு வந்தபடி உருவி அலை வரைந்திருக்கிறோம். அலை வரிசையாக இருக்கிறது. அவள் சீட்டுக்கட்டு கலைத்ததுபோல் கிடக்கிறாள்.

எனக்குத் தூக்கம் போய்விட்டது. கட்டிலில் பரப்பி வைத்து வரிசைப்படுத்தினேன். என் மனைவி வந்து நின்று, “பேத்தி பேரன் எடுத்த வயசுல கட்டில் பூரா ஒரு பொம்பளைய பரப்பி வச்சிருக்கீங்களே, நான் எங்க படுக்குறது?” என்றாள். “யாருன்னே தெரியலடி” என்றேன். “அதான் எல்லாரும் சொல்றது” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான்கு நாளில் வரிசை கிடைத்தது. உட்கார்ந்திருக்கும் பெண். முன்னால் கூடை. வலது கையில் எதையோ தூக்கிக் கூடைமேல் கொண்டுபோய் மூடுகிறாள். பிறகு இடது கையை மடியில் வைத்துக்கொள்கிறாள். நடுவில் சில தாள் இல்லை, குதிக்கிறது. என் வரிசையைத் தனித் தாளில் எண் போட்டு வைத்திருக்கிறேன், நகல்களும் இதோடு இருக்கின்றன.

இது எருமைப் படத்துக்கு வண்ணம் பூசுகிறவர் வரைந்ததல்ல. அந்த முதுகு வளைவை வரைந்தவருக்கு உடம்பின் கனம் தெரியும். நம் ஸ்டூடியோவில் அப்படி வரையத் தெரிந்தவர்கள் நான் உள்பட இரண்டு பேர். மற்றவர் 1975இல் இறந்துவிட்டார், அவர் பீரங்கி மட்டும்தான் வரைவார்.

யார் இது?

துவான்

*

ஸா டெக்
2 ஏப்ரல் 2009

துவான் அண்ணனுக்கு,

உங்கள் வரிசை தப்பு. முதல் நகலிலேயே தப்பு.

அவள் மூடவில்லை, திறக்கிறாள். வலது கையை வேலை செய்கிற கையாக நினைத்துக்கொண்டு அடுக்கியிருக்கிறீர்கள். அவள் இடது கைக்காரி. இடது கை மடியிலிருந்து கிளம்பி, கூடைமேல் போட்ட துணியின் ஓரத்தைப் பிடித்து, தன் பக்கமாக இழுக்கும். ஆவி முகத்தில் அடிக்காமல் தலையைக் கொஞ்சம் சாய்ப்பாள். வலது கையில் இருப்பது வாழை இலைத் துண்டு. உங்கள் எண்ணில் சொன்னால் 17இல் தொடங்கி 4இல் முடிய வேண்டும். 11ஐயும் 20ஐயும் மாற்றி வைத்திருக்கிறீர்கள். தோளைப் பார்த்தாலே தெரியும்.

திருத்திய வரிசையை அனுப்பியிருக்கிறேன். நகல்களை நானே வைத்துக்கொள்கிறேன்.

வேறு எதுவும் கேட்காதீர்கள். கையெழுத்துப் போடுங்கள்.

மியென்

*

ஹனோய்
9 ஏப்ரல் 2009

மியெனுக்கு,

இன்னொரு நகல் எடுத்து உன் வரிசைப்படி வைத்துப் புரட்டினேன். மூச்சு விடுகிறாள்.

பதினொரு முறை புரட்டினேன். ஒட்டரிசிச் சோறு விற்கிற பெண். துணியை விலக்கும்போது தலை சாய்வதை நான் யோசித்திருக்கவே மாட்டேன். ஒன்பது படம் எடுத்திருக்கிறேன். அதில் எந்த ஆவிக்கும் யாரும் தலை சாய்த்ததில்லை.

ஆக, வரைந்தது நீ. தாளில் வண்ணம் பூசுகிறவர்களுக்கு உயிர் கொடுக்க வராது என்று நான் கூட்டங்களில் சொன்னது உண்டு. அது இந்த ஒரு விஷயத்தில் தவறு.

இப்போது நான் ஒன்று சொல்ல வேண்டும். 1973 ஏப்ரலில் கணக்கெடுத்தபோது நாற்பது தாள் குறைந்தது. வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வரும் தாள், எருமையைவிட மதிப்பு அதற்கு. அதற்கு முந்தைய டிசம்பரில் அமெரிக்கக் குண்டுவீச்சில் நகரம் முழுக்க ஜன்னல் கண்ணாடி போயிருந்தது. செல்லுலாய்ட் தாளைக் கண்ணாடிக்குப் பதிலாக ஒட்ட ஆட்கள் அலைந்தார்கள். விமர்சனக் கூட்டத்தில் நான் எழுந்து, தாள் அறைக்குச் சாவி வைத்திருந்தவள் நீ என்று சொன்னேன். ஜன்னல்காரி என்றும் சொன்னேன். நீ பதிலே சொல்லவில்லை. அடுத்த மாதம் வேலையை விட்டுப் போனாய். குறைந்த அன்று குறைந்தது என்று சொன்னேன். அந்த எண்ணிக்கையில் நான் இப்போதும் மாறமாட்டேன்.

ஆனால் நீ போன ஒன்பதாம் நாள் தாள் அறையின் கீழ்த்தட்டில், செய்தித்தாளில் சுற்றி, நாற்பதும் இருந்தது. கழுவித் துடைத்து. நான்தான் எடுத்தேன். குளத்துக்கு அலை வரையத் தாள் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தேன். யாரிடமும் சொல்லாமல் பயன்படுத்திக்கொண்டேன். கூட்டக் குறிப்பு ஏற்கெனவே மேலே போயிருந்தது, மறுபடி திறந்தால் படம் நின்றிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவள் யார், எதற்காக வரைந்தாய், எங்கே படம் பிடித்தாய்? எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

துவான்

*

ஸா டெக்
20 ஏப்ரல் 2009

துவான் அண்ணனுக்கு,

ஒன்பதாம் நாள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒன்பது நாள். நான் அப்போது ஹனோயில்தான் இருந்தேன், டிராம் பாதைக்கு அந்தப் பக்கம். சைக்கிளில் கால் மணி நேரம்.

கேட்டதைச் சொல்கிறேன்.

அது என் அம்மா. அந்த டிசம்பர் 26 குண்டுவீச்சில் போனாள். எங்கள் தெருவில் அன்று யார் யார் போனார்கள் என்று உங்களுக்கே தெரியும். அவளுக்குப் போட்டோ கிடையாது. “பொழுது விடிஞ்சா சோறு விக்கணும், போட்டோ புடிக்க யாருடி நேரம் வச்சிருக்கா” என்பாள். பிப்ரவரியில் ஒருநாள் அவள் முகம் எனக்குச் சரியாக வரவில்லை. பென்சிலை எடுத்தேன், மூக்கு வரவில்லை. பயமாகிவிட்டது. முகம் போனால் போகட்டும், கை அசைவு இன்னும் இருக்கிறது, அதையாவது பிடித்துவைப்போம் என்று தோன்றியது. கூடையைத் திறந்து, ஒரு பிடி சோறு எடுத்து, இலையில் வைத்து, பயறு தூவி, நீட்டுகிற அசைவு. நாற்பது தாள்.

படம் பிடிக்கவில்லை. பிலிமுக்கு எங்கே போவேன்? ஜன்னலில் வைத்து வெளிச்சத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பார்த்துக்கொள்வேன், அவ்வளவுதான். காமிராக்காரரிடம் கேட்கலாம் என்று இருந்தேன். அதற்குள் நீங்கள் எண்ணிவிட்டீர்கள்.

கூட்டத்தில் ஏன் பேசவில்லை என்று நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். “அம்மாவை வரைந்தேன்” என்று சொன்னால் பதினோரு பேரும் பாவம் என்று பார்த்திருப்பார்கள். தாளைக் கொண்டுவா என்றிருப்பார்கள். கைக்குக் கை மாறியிருக்கும். நீங்கள் வாங்கிப் பார்த்து, தோள் சரியில்லை என்றிருப்பீர்கள். ஜன்னல்காரி என்ற பெயரே பரவாயில்லை என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் எல்லோரும் பதுங்குகுழி பயிற்சிக்குப் போனபோது தொட்டியில் சோடா கரைத்து நானே கழுவினேன். நாற்பதாவது தாள், அவள் நிமிர்ந்து வாடிக்கையாளரைப் பார்க்கும் தாள், அதில் மட்டும் மூக்கு சரியாக வந்திருந்தது. அதை முதலில் கழுவினேன். கடைசிக்கு வைத்திருந்தால் கை வந்திருக்காது.

ஒன்று கேட்கிறேன், பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. உங்கள் இருபத்துநான்கில் அந்தத் தாள் இருக்கிறதா? நீங்கள் அனுப்பிய நகல்களில் முகம் எதிலும் தெளிவாக இல்லை. காகிதம் மங்கலா, தழும்பே இல்லையா என்று தெரியவில்லை.

நான் கழுவியதை இப்போது மெஷின் கழுவப்போகிறது. அதற்காக நீங்கள் விழாவை விட வேண்டாம். உங்களுக்கு இது ஒரு முறைதான் வரும். இதை மனதாரத்தான் எழுதுகிறேன், குத்திக்காட்டவில்லை.

என் கணவர் தெற்கே இந்த ஊர்க்காரர். போர் முடிந்ததும் இங்கே வந்தோம். அவரிடமும் சொன்னதில்லை. அவர் இப்போது இல்லை.

மியென்

*

ஹனோய்
9 மே 2009

மியெனுக்கு,

இருக்கிறது. என் எண்ணில் 4. அச்சில் கோடு மங்கல், நகல் எடுக்கும்போது நான் விட்டுவிட்டேன், அதனால் உனக்குத் தெரியவில்லை. ஜியெப்பிடம் சொல்லிப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூக்கின் வலது பக்கக் கோடும் ஒரு புருவமும் நிற்கின்றன. மற்றதை நீ நன்றாகக் கழுவியிருக்கிறாய். வேலையில் குறை சொல்ல முடியாது.

அந்த இரண்டு வினாடி ஏன் வைத்தேன் தெரியுமா? பாட்டு இரண்டு வினாடி நீளமாகிவிட்டது, நிரப்ப வேண்டியிருந்தது. அவ்வளவுதான். முப்பத்தைந்து வருடமாக ஆட்கள் நத்தை எதைப் பார்க்கிறது என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பொய் சொன்னேன். பத்திரிகைக்காரர் ஒருவரிடம் தேசத்தின் எதிர்காலம் என்றேன். அவர் அப்படியே அச்சில் போட்டார்.

ஏப்ரல் இருபத்தொன்பதாம் தேதி காப்பகத்துக்குப் போனேன். தலைவர் கூங் இருந்தார், நாற்பது வயது, டை கட்டியவர். படிவத்தை நீட்டி, “கையெழுத்து இங்க, ஐயா. மத்தத நாங்க பாத்துக்குறோம்” என்றார்.

“அழிக்கக் கூடாது” என்றேன்.

“பெரியவரே, அது அழுக்கு.”

“அழுக்கு தலைய சாச்சுப் பாக்குமா?”

ஜியெப் பக்கத்தில் நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். கூங் எனக்குத் தேநீர் ஊற்றினார். “அப்படீன்னா இன்னொரு படிவம் இருக்கு. குறை அப்படியே இருக்கட்டும்னு கேக்குறதுக்கு. அதுல காரணம்னு ஒரு கட்டம் வரும். கழுவுனதுல கவனக்குறைவுன்னு ஒரு வரி எழுதிடுங்க, கோப்பு மூடிடும். ஆனா அந்தப் பிரதி விழாவுக்குப் போகாது, சொல்லிட்டேன். நீங்களும் போக முடியாது.”

“கழுவுனதுல கவனக்குறைவு இல்ல” என்றேன்.

“ஒரு வரிதான ஐயா. யாரு படிக்கப்போறா?”

“அந்த ஒரு வரிய ஒரு தடவ நான் வாயால சொல்லிட்டேன். கையால எழுத மாட்டேன்.”

அவருக்குப் புரியவில்லை. புரிய வைக்க நான் முயலவும் இல்லை. ஜியெப்தான், “பெரியப்பா, கட்டம் சின்னது, பின்பக்கமும் எழுதலாம்” என்று காகிதத்தைத் திருப்பி வைத்தாள். பின்பக்கம் முழுக்க எழுதினேன். அப்படியே இங்கே தருகிறேன்:

“குளக் காட்சியில் தெரியும் உருவம் அழுக்கு அல்ல. வண்ண அறைத் தலைவி மியென் 1973இல் வரைந்த நாற்பது அசைவுத் தாள்களில் இருபத்துநான்கின் தழும்பு. அவை ஒட்டரிசிச் சோறு விற்ற ஒரு பெண்ணைக் காட்டுகின்றன. அந்த நாற்பது தாள்களும் விற்கப்பட்டதாக ஏப்ரல் 1973 கூட்டத்தில் நான் குற்றம் சாட்டினேன். அவை ஒன்று குறையாமல் திரும்பி வந்தன. வந்தது எனக்குத் தெரியும். மறைத்துவிட்டு என் படத்துக்குப் பயன்படுத்திக்கொண்டேன். கழுவியவர் மேல் குறை இல்லை. இயக்குநர் துவான்.”

கூங் இரண்டு முறை படித்தார். “இது நிரந்தரக் கோப்பு ஐயா. படத்தோட சேத்து வைப்போம். எவன் எப்ப எடுத்தாலும் இதப் படிப்பான்” என்றார். “அதுக்குத்தான் எழுதுனேன்” என்றேன். முத்திரை குத்தினார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். “பிரான்சுக்குன்னு தச்ச கோட்ட என்ன பண்றது?” என்றாள். ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. எனக்கும் வருத்தம் இருக்கிறது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். விழாக்காரர்கள் இன்னொருவர் படத்தை எடுத்துக்கொண்டார்கள். மாஸ்கோக்காரர்.

இதோடு ஒரு குறுந்தகடு வைத்திருக்கிறேன். ஜியெப் முழுப் படத்தோடு கடைசியில் ஒன்று சேர்த்திருக்கிறாள். உன் வரிசைப்படி அடுக்கிய இருபத்துநான்கு, அலையும் நத்தையும் இல்லாமல். நடுவில் பதினாறு இல்லை, கை குதிக்கும். பொறுத்துக்கொள்.

துவான்

*

ஸா டெக்
16 மே 2009

அண்ணாவுக்கு,

தகடு வந்தது. என்னிடம் அதைப் போடும் பெட்டி இல்லை. ஆற்றங்கரைக் காபிக் கடையில் கரோக்கி பாட வைத்திருக்கும் பெட்டியில் போட்டுப் பார்த்தேன். காலை நேரம், படகுக்காரர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். நத்தை அவர்களுக்குப் பிடித்திருந்தது. கடைசித் துண்டு வந்ததும் கடைக்காரப் பெண், “அக்கா, சோறு விக்கிற அம்மா திரும்பத் திரும்பத் துணிய எடுக்குறாங்களே, குடுக்கவே மாட்டாங்களா?” என்றாள். “நான் வரைஞ்சதுல குடுக்குற தாளு வேற எங்கயோ போயிடுச்சு” என்றேன். “அப்ப நீங்க வரையுங்க” என்றாள், கோப்பையைக் கழுவிக்கொண்டே, ஏதோ செடிக்குத் தண்ணி ஊற்றச் சொல்வதுபோல.

மறுபடி போடச் சொன்னேன். ஏழு தடவை போட்டாள். ஏழாம் தடவை ஒரு படகுக்காரர் எனக்கும் சேர்த்துக் காபி சொன்னார்.

நீங்கள் போயிருக்க வேண்டும். நான் சொன்னேன், நீங்கள் கேட்கவில்லை. என்றைக்குத்தான் கேட்டீர்கள்? கோட்டை வைத்திருங்கள், ஹனோய்க் குளிருக்கு ஆகும். அண்ணியிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

ஒன்பது நாள் விஷயத்தை நான் மறக்கமாட்டேன். படிவத்தின் பின்பக்கத்தை மூன்று முறை படித்தேன். அதையும் மறக்கமாட்டேன்.

ஆனால் அதில் ஒரு தவறு இருக்கிறது, திருத்த வேண்டும். “ஒட்டரிசிச் சோறு விற்ற ஒரு பெண்” என்று எழுதியிருக்கிறீர்கள். நான் சொல்லாமல் விட்டது என் தப்புத்தான். இப்போது சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். பெயர் ஹென். வயது ஐம்பத்தொன்று. இடது கைக்காரி.

திங்கட்கிழமை போய் எழுதிவிட்டு வாருங்கள். முத்திரை குத்திவிட்டோம், திருத்த முடியாது என்பார்கள். உட்கார்ந்துகொள்ளுங்கள், எழுந்திருக்காதீர்கள். உங்களுக்கு அது வரும்.

மியென்